நான் துணிக்கடைப் பொம்மையான புதன்கிழமை

போன மாதம் என் மகள் போனைப் பார்த்துக்கொண்டே கொச்சிப் பயணத்துக்குத் திட்டம் போட்டு முடித்துவிட்டாள். பத்தே நிமிஷம். எத்தனை மணிக்கு மெட்ரோ, எந்தக் கடையில் பிரியாணி, எங்கே நின்று படம் எடுப்பது எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் போவது என் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க. "ஞாயித்துக்கிழமை போவோமாப்பா?" என்று அவள் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்குக் காரணம் புரியவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

இப்போது காந்தலூரில் பூண்டு போட்டுப் பிழைக்கிற நான், இருபத்திரண்டு வயதில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற குமாஸ்தாவாக இருந்தேன். சட்டைப் பையில் பேனா, காதுக்குப் பின்னால் இன்னொரு பேனா. இரண்டில் ஒன்றுதான் எழுதும். என் அக்கா ஸ்டெல்லா அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற முதல் ஓலை வாசிக்க இரண்டு வாரம் இருந்தது. ஓலை வாசித்துவிட்டால் பெண் மலையிறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கல்யாணப் பூசைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை அதற்குள் எடுத்தாக வேண்டும்.

இந்தச் சேலை விஷயத்தில் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான். தானே பார்த்து எடுக்க வேண்டும். அதுவரை அவள் கட்டிய ஒவ்வொரு துணியையும் அப்பாதான் எடுத்தார். ஃபேக்டரியில் தேயிலை உலர்த்துகிற டிரையர் ஓட்டுகிறவர். அவர் துணி எடுக்கிற கணக்கு இரண்டே இரண்டு: கெட்டியாக இருக்கணும், அழுக்குத் தெரியக் கூடாது. ஆகவே அக்கா காப்பிப்பொடி நிறத்திலேயே வளர்ந்தாள். "வெள்ளைச் சேலையையும் அப்பா காப்பிக் கலர்ல எடுத்துட்டு வந்துருவாருலே" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். நான் இருக்கேன், எர்ணாகுளத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன் என்றேன்.

எனக்கு எர்ணாகுளம் தெரியும் என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பிய விஷயம். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை துணைக்குப் போய், ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊரைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

திட்டம் போடுவதே ஒரு திருவிழாவாக நடந்தது. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் சுக்குக் காப்பி போடுவார்கள். அடுப்படியில் உட்கார்ந்து நான் நோட்டில் எழுத எழுத, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆலோசனை வந்துகொண்டே இருக்கும். "கப்பல் பாக்காம வந்துராதீய!" "எட்டி ஸ்டெல்லா, ஐஸ்கிரீம் கடையில உக்காந்து தின்னணும், நின்னுக்கிட்டுத் திங்காத!" எங்கள் ஜில்லாவில் ரயில் கிடையாது என்பதால் ரயிலையும் சேர்த்தோம். தானாக நகரும் படிக்கட்டை அம்மாவின் தங்கை லூர்து சித்தி சேர்த்தாள். அவளும் வருகிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. சேலைக்கடையை நான் கடைசியில், நாலு மணிக்குப் போட்டேன். பார்சலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே என்கிற முன்யோசனை.

கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட்டுக்கு அன்றுதானே லீவு. மலையில் ஞாயிறு என்றால் பஜார் பிதுங்கும். பூசை முடித்து அத்தனை லயமும் கடைத்தெருவில்தான் நிற்கும். எங்கள் ஊரிலேயே இப்படி என்றால் எர்ணாகுளத்தில் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே, விடிகாலை பஸ்ஸில், மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

கோதமங்கலம் தாண்டும்போதே ஸ்வெட்டர் மடிக்கு வந்துவிட்டது. ஊருக்குள் போய் முதலில் பூசை பார்த்தோம், அது அப்பாவின் நிபந்தனை. பிறகு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ரயில் பார்த்தோம். எந்த வண்டிக்குப் போறீங்க என்று கேட்ட போர்ட்டரிடம் சித்தி, "நாங்க எங்கயும் போவலைய்யா, சும்மா பாக்க வந்தோம்" என்று பெருமையாகச் சொன்னாள். நகரும் படிக்கட்டு இருந்த இடம் பூட்டியிருந்தது. ஏதோ ரிப்பேர் போல என்றேன். கப்பல் தெரிந்தது, தூரத்தில். ஐஸ்கிரீமை உட்கார்ந்தே தின்றோம். அக்கா மட்டும் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குத் துணிக்கடைத் தெருவுக்குள் நுழைந்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஷட்டர். ஒரு வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னு ஞாயறாழ்ச்சயல்லே? அவதியா" என்றார். அவதி என்றால் அவர்கள் பாஷையில் லீவு. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு ஊர் கடையை மூடிவிட்டு வீட்டில் படுத்திருக்கும் என்பது எங்கள் மூன்று பேர் புத்திக்கும் எட்டாத விஷயம்.

"பஸ்ல வரும்போதே பாத்தேன்லே, எல்லாம் சாத்தியிருந்துச்சு. பூசை முடிஞ்சு தொறப்பாவன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முன்னால் நடந்தாள்.

அவள் பாக்கி வைத்ததைச் சித்தி திரும்பி வரும் பஸ்ஸில் வட்டியோடு கொடுத்தாள். "பேனாவ ரெண்டு வச்சிருக்கான், மண்டைய எங்க வச்சான்?" என்று ஆரம்பித்து ஊன்னுகல் வரைக்கும் நிறுத்தவில்லை. பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் பேபிச்சேட்டனும் கேட்டார். எங்கள் மலைக்கு மருந்து, மூக்குக்கண்ணாடி, கல்யாணக் கார்டு எல்லாம் அவர் பைக்குள்தான் ஏறி வரும். டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். "புதனாழ்ச்ச பகல் வண்டி எனக்காணு. தெரிஞ்ச கடையிலேந்து ஞான் நாலு சேலை கொண்டு வரும். ரெண்டு மணி நேரம் கழிஞ்சு வண்டி திரும்பும்போ வேண்டாத்தது தரணும், கேட்டோ?" என்றார். அக்கா அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பொட்டலம் வந்து இறங்கியது, நேராக என் நிறுவைக் கொட்டகைக்கு. கொழுந்துச் சாக்கோடு முப்பது பெண்கள் வரிசையில் நிற்கிற நேரம். பொட்டலத்தைப் பிரித்ததும் எல்லாரும் சாக்கைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். சூழ்ந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கொழுந்துக் கறை தெரியுமல்லவா? விரலெல்லாம் கருத்து, சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வெள்ளையைத் தொட அங்கே ஒருத்திக்கும் கையில்லை. அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கொட்டகையிலேயே சுத்தமான கை என்னுடையதுதான். சேலையைப் பிரித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். "திரும்புலே!" என்றார்கள். திரும்பினேன். "நடந்து காட்டு!" நடந்தேன். "மாராப்ப ஒழுங்காப் போடுலே, குமாஸ்தாவாம் குமாஸ்தா!" முப்பது பேர் சிரித்ததில் தகரக் கூரை அதிர்ந்தது. சத்தம் போட வந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டக் காட்டத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தார்கள். "எட்டி, அது கொசுவலை மாதிரி இருக்கு, வேண்டாம்." "அந்தக் கரை சாமியார் அங்கிக்கு ஆகும், உனக்கு ஆகாது." "ஜரிகை பத்தாதுட்டி, மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாவ?" முக்கால்வாசிப் பேர் மூன்றாவது சேலைதான் என்று முடிவுக்கு வந்தபோது அப்பா டிரையர் சூட்டோடு வந்து சேர்ந்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாலாவதைக் காட்டி, "இதுதான் கெட்டி" என்றார்.

 அப்பா சொன்னால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. பஸ் திரும்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் தோளில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று அசையாமல் நின்றேன். 

"அது வேண்டாம்ப்பா" என்றாள் அக்கா. "ரெண்டாவது."

இரண்டாவது என்பது கொசுவலை. மெல்லிய சேலை, ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளிக் கரை, உடலெல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. ஒருத்திக்கும் பிடிக்காதது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "எனக்கு அதுதான் வேணும்" என்று இன்னொரு தடவை சொன்னாள். கண் தாழவில்லை. அப்பா சேலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபேக்டரிக்குத் திரும்பிப் போனார். சித்தி குலவை போட்டாள். பாக்கி மூன்றும் சொன்ன நேரத்துக்குப் பேபிச்சேட்டன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கல்யாணத்தன்று அந்தக் கொசுவலை மேல்தான் முப்பது பேரும் கண் வைத்தார்கள். நான் மட்டும், அது அவளைவிட எனக்குத்தான் எடுப்பாக இருந்தது என்று சொல்லித் திரிந்தேன்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. தோட்டத்திலேயே மெஷினில் நிறுத்துவிடுகிறார்கள். பேபிச்சேட்டன் ரிட்டயராகிப் போனார், அந்தப் பகல் வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். லயத்தில் பாதி வீட்டில் ஹிந்தி கேட்கிறது. அந்த முப்பது பேரில் சிலர் தென்காசிப் பக்கம், சிலர் மகன்களோடு திருப்பூர், சிலர் கல்லறைத் தோட்டம். லூர்து சித்தியும் அங்கேதான்.

மகள் திட்டப்படி ஞாயிற்றுக்கிழமையே போனோம். அஞ்சு மாடிக் கடை ஜேஜே என்று திறந்திருந்தது. கல்யாணப் பெண் தன் சேலையைப் போனில் முன்பே பார்த்து வைத்திருந்தாள், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுத்து பெண்ணின் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, ஒன்று. விற்கிற பெண் இருபது சேலையை விரித்துப் போட்டு, "எல்லாமே உங்களுக்கு நல்லா இருக்கு மேடம்" என்றாள். "உனக்குப் பிடிச்சத எடும்மா" என்றாள் மகள்காரி. "உங்க இஷ்டம் அத்தை" என்றாள் என் மகள், போனைவிட்டுத் தலை நிமிராமல். நானும் என் பங்குக்கு, உன் இஷ்டம்க்கா என்றேன்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தியாவது வேண்டாம்ட்டின்னு சொன்னாத்தானலே, எனக்கு எது வேணும்னு எனக்கே தெரியும்" என்றாள்.