எந்த ஹாபர்?

நஸீர் நானா யாருடைய தகவலையும் வெளியே விடவில்லை. விட்டது எங்கள் கொம்பனி. பழியை அவருடைய பெயரில் எழுதியதும் கொம்பனிதான்.

நானா இன்று விடிய மௌத்தாகிவிட்டார். நெஞ்சு வலி வந்து இறந்தாராம். வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்.

ஒன்றும் தோன்றவில்லை... தேத்தண்ணி குடித்தேன். கப்பைக் கழுவி வைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: திருகோணமலையில் ஒரு ஐடி சப்போர்ட் ஒபிஸில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். பல கொம்பனிகளின் கம்பியூட்டர் பிரச்சினைகளை நாங்கள் டிக்கெட்டாக எழுதுவோம். திருத்துவது வெவ்வேறு சப்ளையர்கள். எல்லாருக்கும் ஒரே சிஸ்டம். ஆனால் ஒரு கஸ்டமருடைய டிக்கெட் இன்னொரு கஸ்டமருக்குத் தெரியக் கூடாது.

ஹாபரில், அதாவது துறைமுகத்தில், எங்களுக்கு இரண்டு கஸ்டமர்கள். ஒன்று மீன் ஏற்றுமதி, மற்றது கப்பல் ஏஜென்சி. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே வசனம்தான் வரும்.

"ஹாபரில இருந்து கதைக்கிறன்."

"எந்த ஹாபர்?" என்பார் நானா.

"என்ன கதை இது? திருகோணமலையில எத்தினை ஹாபர் கிடக்கு?"

"ஹாபர் ஒண்டுதான் தம்பி. ஆக்கள் ரெண்டு."

நாங்கள் அவருக்கு வைத்த பட்டமே "எந்த ஹாபர்"தான்.

நோன்பு காலத்தில் நான் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போகப் பார்ப்பேன். "இருங்க தங்கச்சி. நோன்பு எனக்குத்தானே, உங்கட சோத்துக்கு இல்லையே" என்பார். எனக்கு வரும் கோல்களையும் அவரே எடுப்பார்.

புது சிஸ்டம் வந்தபோது கஸ்டமர் பட்டியலில் யாரோ "ஹாபர்" என்று ஒன்றை மட்டும் போட்டுவிட்டார்கள். இரண்டு கொம்பனியும் ஒரே பெட்டிக்குள்.

முதலில் கண்டது நானா. "இரண்டையும் பிரிக்கவும். ஒருவருடையது மற்றவருக்குத் தெரிகிறது" என்று டிக்கெட் எழுதினார். சொஃப்ட்வெயர் சப்ளையர் அதை சேர்வர் சப்ளையருக்குத் தள்ளினார். அவர் எங்களுக்கே திருப்பினார். மனேஜர் "பிறகு பார்ப்பம்" என்றார்.

பிறகு... மீன் கொம்பனிப் பெண் ஒருவர் சுகயீன லீவில் இருந்தபடி வீட்டிலிருந்து லொகின் கேட்டார். அதற்குக் காரணமாக அவர் இணைத்திருந்த வைத்தியசாலைக் கடிதம் கப்பல் ஏஜென்சியின் ஸ்கிரீனில் தெரிந்தது. அவருக்கு என்ன வருத்தம் என்று துறைமுகம் முழுக்கக் கதை.

"அந்த லொகின் டிக்கெட்டைத் திறந்தது ஆர்?" மீட்டிங்கில் மனேஜர் கேட்டார்.

"நான்தான் சேர். பிரிக்கச் சொல்லி எழுதினதும் நான்தான்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "ஊழியர் தவறு – நஸீர்" என்று பதிந்தார்கள். அடுத்த நாள் பக்கத்துக் கதிரை காலி.

அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்த வரி அவருக்கு முன்னால் போனது.

ஒரு நாள் கோல் எடுத்தார். "தங்கச்சி, நான் எழுதின அந்த டிக்கெட்ட ஒரு பிரிண்ட் எடுத்துத் தர ஏலுமா?"

"ஏலாது நானா. லொக் பண்ணிப் போட்டாங்கள்."

"ஓம் ஓம், பரவாயில்ல. உங்களுக்குக் கரைச்சல் வேணாம்."

லொக் இருக்கவில்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

இன்று ஒபிஸுக்குப் போனவுடன் அந்த டிக்கெட்டைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இரண்டு பிரிண்ட் எடுத்தேன். பட்டியலில் இன்னும் ஒரே ஒரு "ஹாபர்".

ஒரு பிரிண்ட்டை மனேஜரின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

மற்றது என் பையில் இருக்கிறது. நானாவின் வீட்டுக்குப் போகக் கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸில் இருந்துதான் இந்தப் பதிவை எழுதுகிறேன். அவருடைய மனைவியின் கையில் கொடுக்க வேண்டும்...

போய் வாருங்கள் நானா. பிந்திவிட்டேன்.

சேர், இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். அந்த இரண்டு ஹாபரையும் பிரியுங்கள். காரணத்திலிருந்து நஸீர் என்ற பெயரை எடுங்கள். எப்போது எடுப்பீர்கள்?