கடவுச்சீட்டில் இல்லாத பொட்டு

சனிக்கிழமை காலையில் கழுத்தில் பைனாகுலர் தொங்க ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் ஏறினால் யாராவது ஒரு ஜெர்மன்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். கிழமை முழுவதும் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்காத சனம் இது. பைனாகுலரைக் கண்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். போன வசந்தத்தில் ஒரு முதிய பெண்மணி என் பக்கம் குனிந்து, எந்தப் பறவையைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ரகசியம் போலக் கேட்டார். இந்த நாட்டில் பைனாகுலர் என்றால் பறவை. "பறவை இல்லை, குதிரை. இங்கிலாந்தில் ரேஸ் பார்க்கப் போகிறேன்" என்றேன். பாவம், "ஓ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் மன்னார்க்காரர், தேவாலயப் பாட்டுக்குழுவில் முன்வரிசை. நான் பயணப்பையை எடுத்தாலே தொடங்கிவிடுவார். "இந்த வயசில உமக்கென்ன குதிரை விசர்? சூது, சூது!"

"நான் காசு வைக்கிறேல்லை. பாக்கத்தான் போறன்."

"பாக்கிறதுக்கு ஆரும் பிளேன் ஏறுவினமோ?"

ஏறுவார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொழும்புக்குப் போகவேண்டும். தட்டெழுத்துப் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரேஸ் புக்கிக் கடை. கடல் கடந்த நாட்டில் ஓடும் குதிரைகளுக்கு எங்கள் ஊர் ஆண்கள் இங்கே காசு கட்டுவார்கள். அங்கே பின்னேரம் ஓடுவது இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியில் வரும். பெண்கள் அந்தப் படியில் கால் வைக்கக்கூடாது. வீட்டுக்கார அம்மா ஜன்னலையும் சாத்திவிடுவார். ஆனால் சுவர் மெல்லியது. நியூமார்க்கெட், டொன்காஸ்டர், எப்சம் என்று இடங்களின் பெயர்களும், மூச்சு விடாமல் ஏறிக்கொண்டே போகும் அந்த வெள்ளைக்காரக் குரலும் தட்டெழுத்துப் பாடத்தைவிட எனக்கு நன்றாக மனப்பாடம். லண்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது, எப்சம் எனக்குத் தெரியும். நான் எந்தக் குதிரையையும் பார்த்ததில்லை. குரலில் கேட்டதையெல்லாம் மனதில் ஓடவிட்டேன். பிறகு எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தது. அந்தப் புக்கிக் கடையும் எரிந்தது, நான் தங்கியிருந்த வீடும் எரிந்தது. கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் கையில் ஒரு பையும் உடுத்த உடுப்பும்தான் இருந்தன.

ஹம்பேர்க்கிலும் ரேஸ் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் சுவரில் காது வைத்துக் கேட்டது இங்கிலாந்தை. பிள்ளைகள் வளர்ந்து, முதியோர் இல்லத்து வேலையில் லீவு சேர்ந்ததும் முதல் வேலையாக அங்கே போனேன். பார்த்தேன், பிடித்துப்போயிற்று. மழை சாய்வாக அடிக்கும், பெண்கள் இறகு வைத்த தொப்பியோடு அதில் நனைந்துகொண்டு சிரிப்பார்கள். கோட்டுப் போட்ட பெரியவர்கள் காகிதத்தில் சுற்றிய சிப்ஸை நின்றபடியே தின்பார்கள். முன்பின் தெரியாத மனிதர், "உங்களுக்கு எந்தக் குதிரை, லவ்?" என்று கேட்பார். முதல் தடவை அந்த "லவ்" கேட்டு நான் விலகி ஓடியிருக்கிறேன், ஜெர்மனியில் என் சொந்த அயலவரே என்னைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார். இப்போது நானும் பதிலுக்கு ஒரு "லவ்" போட்டுவிடுவேன். ஒரேயொரு ஏக்கம் மட்டும் இருந்தது. ரேஸ் முடிந்ததும் வென்ற குதிரையை ஒரு சிறு வேலிக்குள் கொண்டுவருவார்கள். அதன் சொந்தக்காரர் மட்டும் உள்ளே போகலாம், மற்றவர்கள் கம்பிக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டும். எத்தனையோ மைதானங்களில் நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பு சுவர், இப்போது கம்பி. ஒருநாளாவது உள்ளே நிற்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அதற்கும் வழி இருந்தது. பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரு குதிரையை வைத்திருக்கலாம். நானும் சேர்ந்தேன். குதிரையின் பெயர் குவாயட் ஹார்பர். செம்பழுப்பு நிறம், நெற்றியிலிருந்து மூக்குவரை பால்போல ஒரு வெள்ளைப் பட்டை. "இதில எந்தக் கால் உம்முடையது?" என்று கணவர் கேட்டார். ஒரு லாட ஆணிகூடத் தேறாது என்றேன். ஆனால் அந்த ஆணி என்னுடையது. குதிரையோ ஓடிய இடமெல்லாம் பின்னுக்கே வந்தது. கடைசியில் பயிற்சியாளர் ஹெலன் தொலைபேசியில் உடைத்துச் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை வெல்லாவிட்டால் அதை விற்றுக் கூட்டைக் கலைப்பதாக மற்றவர்கள் முடிவெடுத்துவிட்டார்களாம். அதைக் கேட்டபின் இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்த கணவர், "சரி, நானும் வாறன். அழுதா ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" என்று உடுப்பு அடுக்கினார்.

இங்கிலாந்து விமான நிலையத்தில் அதிகாரி, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். "என் குதிரை ஓடுகிறது" என்றேன். ஷோனெஃபெல்டில் இதே கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் நின்றவள் நான். அன்றைய அதிகாரி என் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இவர் நிமிர்ந்து பார்த்து, அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று முத்திரை குத்தினார். எனக்கு அப்போதே வென்றதுபோல இருந்தது.

வடக்கே ஒரு சின்ன மைதானம். குதிரைக்குச் சேணம் கட்டும் கொட்டிலில் கூட்டுக்காரர்கள் எல்லாரும் சூழ்ந்து நின்று, "என்ன அழகு! எப்படி மினுங்குகிறான்!" என்று தடவித் தடவிப் புகழ்ந்தார்கள். என் மனிதர் மூலையில் நெளிந்துகொண்டிருந்தார். "உவை எல்லாரும் வடிவு, வடிவு எண்டு சொல்லுகினம். நாவூறு பட்டிடும்" என்று முணுமுணுத்தார். சும்மா இருங்கோ என்று சொல்லி, என் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு ஹெலனோடு பேசப் போனேன். அதுதான் நான் விட்ட பிழை.

திரும்பி வந்தபோது குதிரை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பட்டையின் நட்டநடுவில், தோசைக்கல் கரி போல, வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு! அதற்குள் ஓர் அதிகாரி கையை உயர்த்திக் குதிரையை நிறுத்திவிட்டார். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பிறந்த காலத்திலேயே கடவுச்சீட்டு உண்டு. உடம்பில் எங்கே வெள்ளை, எங்கே சுழி என்று அதில் எழுதியிருக்கும். ஒன்றின் பெயரில் வேறொன்று ஓடிவிடக்கூடாது என்பதற்காக. அவர் கையிலிருந்த தாளையும் குதிரையின் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"இந்த அடையாளம் பதிவில் இல்லை" என்றார். ஹெலன் சேறு என்று நினைத்துத் தேய்த்தார். பொட்டு கலைந்து பெரிதானது. அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. "என்ன பூசியிருக்கிறீர்கள்? மருந்தா?"

நான் மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டியிருந்தார். விரல் நுனி கறுப்பு.

"நாவூறு படாமல் இருக்கத்தானே…" என்றார் குழந்தை போல.

அவரிடமிருந்த கைப்பையைப் பறித்து, அதிலிருந்த என் கண் மைப் பென்சிலை நீட்டி, நடுங்கிய ஆங்கிலத்தில் விளக்கினேன். இது மருந்து இல்லை, மை. அதிகம் புகழ்ந்தால் கெடுதி வரும் என்று எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைப்பார்கள். என் கணவருக்கு இன்றைக்கு இதுதான் பிள்ளை. அதிகாரி பென்சிலை முகர்ந்து பார்த்தார். குதிரையின் கழுத்தில் ஒரு கருவியை வைத்தார், அது தோலுக்கடியில் வைத்திருந்த மைக்ரோசிப்பின் இலக்கத்தைக் காட்டி ஒலித்தது. "கழுவுங்கள். பிறகு ஓடலாம்" என்றார். ஹெலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குதிரையில் ஏறும் ஜொக்கிக்கும் ஒன்று மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். மனிதர்தான் சமாதானமாகவில்லை. "கழுவினாப் பிறகென்ன பிரயோசனம்" என்று பஞ்சோடு குதிரையைக் கழுவக் கூட்டிப்போன லாயத்துப் பெண்ணுக்குப் பின்னாலேயே போனார்.

ஓட்டம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் அதே குரல். வேறு ஆளாக இருக்கலாம், ஆனால் அதே ஏற்றம், அதே மூச்சில்லாத வேகம். குவாயட் ஹார்பர் நடுவில் என்றது. பிறகு வெளிப்பக்கத்தால் வருகிறான் என்றது. பைனாகுலர் நனைந்து ஒன்றும் தெரியவில்லை, நனைத்தது மழையல்ல. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு கேட்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் பாட்டுக்குழு மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். "ஓடடா ராசா! விடாதை! விடாதை!" ஓட்டம் முடிந்தபோது அந்தக் குரல் முதலாவதாக என் குதிரையின் பெயரைச் சொன்னது.

கம்பிக் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனேன். ஆவி பறக்க நின்ற குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லை. விற்கும் கதையை அதோடு விட்டுவிட்டார்கள். கம்பிக்கு வெளியே நின்ற சனம் கைதட்டியது, அந்த அதிகாரியும்தான். படம் எடுக்க நின்றபோது மனிதர் என் காதருகே குனிந்தார்.

"வெள்ளையிலதானே வைக்கக்கூடாது எண்டவை?"

குதிரையின் நெற்றி மயிரை மெல்ல ஒதுக்கிக் காட்டினார். காதுக்குக் கீழே, பழுப்பு ரோமத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி ஒரு மைப் புள்ளி.

அந்தப் படம் இப்போது எங்கள் ஹம்பேர்க் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வருபவர்களெல்லாம் முகத்து வெள்ளையைத்தான் பார்க்கிறார்கள். அது கடவுச்சீட்டில் உள்ளபடி மாசுமறுவின்றி இருக்கிறது. என்னுடைய ஜெர்மன் கடவுச்சீட்டுப் படமும் அப்படித்தான், ஒரு குறை சொல்ல முடியாது. புள்ளி இருக்கும் இடம் அதை வைத்தவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.