கப்பலில் வந்த சப்பாத்து

கனடாவில் யூனியன்வில்லுக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டு வாசலில் நிற்கிறேன். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த விவசாயி கட்டிய வீடு, இப்போது காட்சிச்சாலை. பிறர் வீட்டுக்குள் சப்பாத்தோடு போவது எப்படி? கழற்றி, மரப்பெட்டியின் அருகே ஒழுங்காக வைக்கிறேன். தேய்ந்துபோன அந்தத் தோல் சப்பாத்தும் என்னுடையதல்ல. காரில் கூட்டிவந்த சிவம் அண்ணை, பனிக்காக இரவல் தந்துவிட்டுச் செருப்போடு காரில் இருக்கிறார். மூன்று மணிக்கு அவருக்கு ஃபக்டரி வேலை. அந்தச் சப்பாத்து இல்லாவிட்டால் ஃபக்டரிக்குள் விடமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஏர், வெண்ணெய் கடையும் தாழி என்று ஒன்று விடாமல் கொப்பியில் எழுதுகிறேன். வாசலுக்குத் திரும்பி வந்தால், பஸ்ஸில் வந்த முதியவர்கள் சப்பாத்தைச் சூழ்ந்து நின்று, பிலிம் தீரத் தீரப் படமெடுக்கிறார்கள். அந்தக்கால உடுப்பணிந்த வழிகாட்டிப் பெண் என்னை ஓரமாக அழைக்கிறார்.

“உங்களுடையதா? இன்று எனக்கு முதல் நாள். இது யாருடையது என்று இவர்கள் கேட்டார்கள், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டைக் கட்டியவர் கப்பலில் வந்தபோது போட்டிருந்தது என்று சொல்லிவிட்டேன். இவர்கள் போகும்வரை பொறுப்பீர்களா?”

அதற்குள் அண்ணை செருப்போடு பனியில் ஓடி வருகிறார்.

“ரெண்டரை ஆகுது! எங்கையடா என்ர சப்பாத்து?”

விஷயத்தைச் சொல்கிறேன். அண்ணை கூட்டத்தைப் பார்க்கிறார், அந்தப் பெண்ணின் சிவந்த முகத்தைப் பார்க்கிறார். பிறகு கைகட்டிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நிற்கிறார்.

“அஞ்சு நிமிசம் நிப்பம். நான் நாலு நாட்டிலை ஒளிச்சு ஒளிச்சு இஞ்சை வந்தனான். என்ர சப்பாத்தைப் பார், ராசா மாதிரி நேர கப்பலிலை வந்து இறங்கியிருக்கு.”