ஓடாத தட்டின் மேல் ஊசி

எங்கள் ஆலைக்கு வார விடுமுறை புதன்கிழமை. தொழிற்பேட்டையில் எல்லோரும் ஒரே நாளில் மின்சாரத்தை இழுக்கக் கூடாது என்று எப்போதோ செய்த ஏற்பாடு. மின்சாரம் சீரான பிறகும் புதன் எங்களை விடவில்லை. கும்மிடிப்பூண்டியே வேலைக்குப் போயிருக்கும் நாளில் வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க யாரும் வருவதில்லை; அன்றைக்குக் கல்யாணம், காதுகுத்து என்று யாரும் கூப்பிடுவதும் இல்லை. இப்படிப்பட்ட புதன்கிழமைகள் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் நான் ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன்.

வாங்கியவன் பாட்டுக் கேட்க வேண்டும். நான் அளக்க ஆரம்பித்தேன். பற்சக்கரம் செய்யும் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். தோசையின் விட்டத்தைக்கூட மனதுக்குள் குறித்துக்கொண்டுதான் பிய்க்கிறேன்.

"எல்லாரும் பாட்டு கேக்க பிளேயர் வாங்குவாங்க. நீங்க பிளேயரை விசாரிக்கறதுக்கு வாங்கியிருக்கீங்க" என்றாள் மனைவி.

விசாரணைக்கென்றே பாட்டில்லாத ஒரு ரெக்கார்டு கிடைக்கிறது. இருபது ஹெர்ட்ஸில் தொடங்கி இருபதாயிரம் வரை ஒரே 'ஊ' ஏறிக்கொண்டே போகும். தட்டில் எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். ஊசி வழியாக லேப்டாப்புக்குள் வரும்போது எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் பிளேயரின் யோக்கியதை தெரிந்துவிடும். போட்டேன். 'ஊ' ஏறியது, மெலிந்தது, பன்னிரண்டாயிரத்துக்கு அருகே நின்றே போனது.

"ஊசி அவ்வளவுதான்" என்று வருத்தப்பட்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "அந்தக் கீச்சை முதல்ல நிறுத்துங்க. பல்லு கூசுது."

லேப்டாப்பில் கோடு பதினெட்டாயிரம் வரை ஒழுங்காகப் போயிருந்தது. போகாமல் நின்றது என் காதுதான். அன்றிலிருந்து காதை நம்புவதில்லை, கோட்டை மட்டுமே நம்புவது என்று முடிவு செய்தேன்.

அடுத்தது உறுமல். பாட்டைக் கொஞ்சம் உரக்க வைத்தால் அடியில் ஓர் உறுமல் கிளம்பி, பாட்டையே விழுங்கிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. ஸ்பீக்கரின் சத்தம் தரையை ஆட்டுகிறது, தரை பிளேயரை ஆட்டுகிறது, ஊசி அந்த ஆட்டத்தையும் பாட்டென்று நினைத்து ஸ்பீக்கருக்கே திருப்பி அனுப்புகிறது. ஒருவர் கிளப்பிய வதந்தி ஊரைச் சுற்றி அவர் காதுக்கே வர, அவரும் நம்பிவிடுவதைப் போல.

எங்கள் தொழிலில் ஆடும் மெஷினுக்கு ஒரே வைத்தியம்தான்: தரையோடு போல்ட் போட்டு, சந்தில் சிமெண்டுக் கரைசல் ஊற்றி, அஸ்திவாரத்தோடு ஒன்றாக்கிவிடுவது. முந்தின புதன்கிழமை அதையே செய்தேன். இரும்பு ஸ்டாண்டு அடித்து, ஹாலில் நாலு ஓட்டை போட்டு, நாலு போல்ட் இறக்கினேன். வீட்டுக்காரர் பொன்னேரியில் இருப்பதால் இந்த நான்கு ஓட்டைகளைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. ஸ்டாண்டை யானை வந்து இடித்தாலும் அசையாது. பெருமையாக இருந்தது.

இந்தப் புதன் காலை பத்து மணிக்குச் சோதனை. முறை இதுதான்: தட்டைச் சுற்ற விடாமல் ஊசியை அதன் மேல் இறக்கி வைக்க வேண்டும். ஓடாத தட்டிலிருந்து எதுவும் வரக் கூடாது. வருவதெல்லாம் வீட்டின் ஆட்டம். முதலில் ஸ்பீக்கரை அணைத்துவைத்து வெறும் அமைதியை அளந்தேன். அமைதியாக இல்லை. கோட்டில் நான்கு விநாடிக்கு ஒரு முறை ஒரு மேடு எழுந்து அடங்கியது. பின்னாலிருக்கும் கம்பெனியின் கம்ப்ரெஸர் என்று நோட்டில் எழுதினேன். பிறகு லேப்டாப்பிலிருந்தே ஸ்பீக்கரில் 'ஊ'வை விட்டுச் சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். நூறு ஹெர்ட்ஸை நெருங்கியபோது ஊசி விழித்துக்கொண்டது. உறுமல் எழுந்தது, வளர்ந்தது, எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் நடக்கத் தொடங்கின. போல்ட் போட்ட பிறகு முன்னைவிட மோசம். நம்ப முடியாமல் இன்னொரு முறை செய்தேன். பிறகு இன்னொரு முறை.

நாலாவது முறைக்குள் கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டுக்காரர். கம்பி உருட்டும் ஆலையில் ஃபிட்டர். லுங்கி, பனியன், சிவந்த கண்.

"இன்னா சார், மேல மாவு மில்லு வச்சிக்கிறீங்களா?"

"மன்னிக்கணும் தம்பி, ஒரு சின்ன டெஸ்ட்."

"எனக்கு இந்த வாரம் ஃபுல்லா நைட்டு சார். இன்னும் மூணு நாளு இருக்குது. காலைல எட்டு மணிக்கு வந்து படுத்தேன், கட்டிலு ஜிவ்வுனு ஆடுது." கோபம் இறங்கி, குரல் தணிந்தது. "அங்க சூடு கம்பி பாம்பாட்டம் ஓடும் சார். நேத்து அத்த பாத்துக்கினே நின்னவன் ஒரு செகண்டு சொக்கிட்டேன். பக்கத்துல இருந்தவன் தோள்ல தட்னான். தட்டலன்னா இன்னிக்கு உங்க கதவ தட்ட நான் இருக்க மாட்டேன்."

ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கினேன். அவர் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் போல்ட்டைப் பார்த்துவிட்டார். ஒரு ஃபிட்டர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது.

"ஒரு நீட்டு ஸ்க்ரூ டிரைவரு குடுங்க."

முனையை ஸ்டாண்டின் காலில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். பேரிங் போயிற்றா என்று அவர்கள் ஆலையில் அப்படித்தான் கேட்பார்கள். "ஸ்பீக்கர தட்டுங்க." விரலால் தட்டினேன். "ஐய, காதுலயே தட்ற மாதிரி கீது. எங்க மில்லுல ரோலு ஒரு அஸ்திவாரம், எடை மேடை வேற அஸ்திவாரம் சார். ஒண்ணா போட்டா எடையும் சேந்து ஆடும்ல? நீங்க ரெண்டுத்தையும் ஒரே தரையில கட்டிட்டு, ஆடுது ஆடுதுன்றீங்க."

பிளேயர் என்ற அளவுக் கருவியை நான் ஆடும் மெஷின் என்று நினைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம். எங்கள் ஆலையிலும் அளவுக் கருவிகளுக்குத் தனி மேடைதான். அதன் மேல் தினமும் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்கிறேன்.

"அப்ப என்ன பண்றது?"

"போல்ட்ட அவுத்துடுங்க. பிளேயருக்கு அடியில பாதி காத்தடிச்ச சைக்கிள் டியூப்பு. ஸ்பீக்கருக்கு அடியிலயும் ரப்பரு." லேப்டாப்பைக் காட்டினார். "இது இன்னாது, மேடு மேடா?"

"அது பின்னாடி கம்பெனி கம்ப்ரெஸர். நாலு செகண்டுக்கு ஒரு தடவை."

கணவரைத் தேடி மேலே வந்து வாசலில் நின்றிருந்த அவர் மனைவி கேட்டார். "எப்ப எடுத்ததுண்ணா?"

"பத்து மணிக்கு."

"அது கம்ப்ரெஸர் இல்லண்ணா. இவரு குறட்டை."

என் மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். ஃபிட்டர் மட்டும் சிரிக்காமல் திரையைக் கூர்ந்து பார்த்தார். "நெசமாவா? ஒண்ணும் தெரியாத மாதிரி சைலன்டா தூங்குவேன்னுதான் நெனச்சினு இருந்தேன்."

"வந்து படுய்யா, டைம் ஆவுது" என்று அவர் மனைவி இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் கடையில் பழைய டியூப் இரண்டு கிடைத்தது. ஸ்பேனரைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் போல்ட்டுகளைக் கழற்றினேன். மனைவி கழன்ற நட்டுகளைத் தரையில் விழாமல் கையில் வாங்கிக்கொண்டாள். பிளேயரை டியூப்பின் மேல் ஏற்றினேன். அது லேசாக ஊஞ்சலாடி நின்றது. மணி ஒன்று.

'ஊ'வை விட்டுப் பார்க்க முடியாது. அமைதியை மட்டும்தான் அளக்கலாம். ஓடாத தட்டில் ஊசியை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். கோடு வழவழவென்று கிடந்தது. ஒரு மேடுகூட இல்லை.

"அப்பாடா, சரியாயிடுச்சா?" என்றாள் மனைவி.

சரியாகியிருக்கலாம். டியூப் தன் வேலையைச் செய்து குறட்டையைத் தடுத்திருக்கலாம். அல்லது கீழே அவர் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். இரண்டுக்கும் கோடு ஒன்றுதான். ஒன்றில் நான் கெட்டிக்காரன். மற்றதில் இன்று ராத்திரி ஒருவர் கண் சொக்கிக்கொண்டே சூடு கம்பிக்குப் பக்கத்தில் நிற்பார். இதைச் சொல்லும் கருவி லேப்டாப்பில் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி இறங்கினேன். அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, துணி ஊறும் பக்கெட்டுக்குப் பக்கத்தில் குந்தினேன். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கேட்காத காதை ஜன்னல் பக்கம் திருப்பினேன். முதலில் மின்விசிறி மட்டும். பிறகு அதற்கு அடியில், சீராக, ஒன்று.

கடிகாரத்தைப் பார்த்தேன். அளக்காமல் எழுந்திருக்க மனம் வரவில்லை. பத்து மணிக்கு நான்கு விநாடிக்கு ஒன்று. இப்போது ஐந்துக்கும் மேலே; தூக்கம் இன்னும் ஆழம்.

பக்கெட்டை எடுக்க வந்த அவர் மனைவி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவரும் ஒரு நிமிடம் காது கொடுத்தார். பிறகு பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.