வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை

எட்டாம் வகுப்பில் என் முன்பற்கள் இரண்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளிக்கூட வேனில் எனக்குத் 'தேங்காய்த் துருவி' என்று பெயர். திருப்பித் திட்டவும் வராது, அழவும் மானம் இடம் கொடுக்காது. ஒரு வருஷம் ஜன்னல் பக்கம் திரும்பியே போய் வந்தேன்.

அப்போதுதான் செல்வி வந்து சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு வாழைத்தார் வெட்டும் வேலை. காலையில் அவருக்கு உதவியாக இலை அறுத்துவிட்டு, அதே சீருடையோடு வேன் ஏறுவாள். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்புத் திட்டு. ஒருநாள் நான்தான் கேட்டேன்: "ஏட்டி, இந்த மேப்புல நம்ம ஊரு எங்கன இருக்கு?"

வேனே சிரித்தது. அன்றிலிருந்து அவள் 'மேப்பு'. என் பல்லை எல்லோரும் மறந்தார்கள். தினமும் அதே கேள்வியைக் கேட்பது என் உத்தியோகமாயிற்று. செல்வி புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தப்பித்த நிம்மதி பெரிதாக இருந்தது.

பத்தாவது படித்த என் அக்கா சைக்கிளில் போகிறவள். சைக்கிள் பஞ்சரான அன்று எங்களோடு வேனில் வந்தாள். செல்வியிடம் நான் கேட்டது அவள் காதிலும் விழுந்தது. சாயங்காலம் புறவாசலில் ஒரு வாழைமட்டையை அறுத்து, தன் சட்டையில் நிதானமாகத் தேய்த்தாள். விடிவதற்குள் கறை பழுத்துவிட்டது.

"கூறுகெட்டவளே, பரீட்சைக்கு எதைட்டி போடுவ?" என்று அம்மா முதுகில் இரண்டு வைத்தாள்.

"தெரியாமப் பட்டுட்டும்மா" என்றாள் அக்கா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாளும் அந்தக் கறைச் சட்டையோடு வேனில் வந்து, செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"கேளுட்டி, நம்ம ஊரு எங்கன இருக்கு?" என்றாள் அக்கா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செல்விதான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எலுமிச்சம்பழம் தேச்சாலும் இது போகாது."

"போவாண்டாம், இருக்கட்டும்."

மேப்பு அன்றோடு ஒழிந்தது. அடுத்த வாரமே தேங்காய்த் துருவி திரும்பி வந்தது. வேனில் அதற்குச் சிரிக்காத ஒரே ஆள் செல்வி.

அக்கா அந்தச் சட்டையோடுதான் பரீட்சை எழுதினாள். யாரோ ஒருத்திக்காகக் கூடப்பிறந்தவளை விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பல்லுக்குக் கம்பி போட்டு, பல் நேராகி, அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது, அவள் அன்று காப்பாற்றியது செல்வியை மட்டுமில்லை என்று.