வயிற்றில் புடைத்த நாளங்கள்

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். அதனால் என் ஈரலின் நிலைமை எனக்குத் தெரிந்த அதே கிழமையில் ஊருக்கும் தெரிந்துவிட்டது.

வைத்தியர் சொன்னது இதுதான். ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது. குடலிலிருந்து வரும் இரத்தத்துக்கு அதற்குள் வழி போதாது. புத்தூர்ச் சந்தியில் வீதியைக் கிண்டிப் போட்டால் பஸ்ஸெல்லாம் ஒடுங்கின குச்சொழுங்கைக்குள் இறங்குமே, அதுபோல இரத்தம் சின்ன நாளங்களுக்குள் இறங்குகிறது. தொப்புளைச் சுற்றி நீலமாகப் புடைத்திருப்பது வெளியே தெரிகிற ஒழுங்கை. உணவுக்குழாயில் புடைத்திருப்பது தெரியாத ஒழுங்கை. வெடித்தால் ஆளை முடிப்பது அதுதான்.

நான் ஒரு சொட்டும் குடித்தவனல்ல. நீரிழிவும், சாய்மனைக் கதிரையில் புத்தகத்தோடு கிடந்து தின்ற வடைகளும் செய்த வேலை இது. எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஒழுக்கம் குடியாமை.

திருவிழாவில் அதற்கும் உலை வைத்தவர் தங்கையின் கணவர். பாரம் தூக்கக் கூடாதென்பதால் சுவாமி காவாமல் ஒதுங்கி நின்றேன்.

"என்ன மச்சான், உள்ளுக்கை போனது வெளியிலை கோலம் போட்டிட்டுதோ?"

மண்டபமே சிரித்தது.

"இது குடியாலை வந்ததில்லை."

"குடிகாரர் எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம்."

இதைச் சொன்னவரின் மேனி எண்ணெய் பூசிய தூண்போல மினுங்கியது. கமக்காரர் சங்கக் கூட்டம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைகளில் அவர் புறப்படுவது கொழும்புத்துறைக் கள்ளுத் தவறணைக்கு. மீன் வாங்கப் போன நான் அவருடைய மோட்டார் சைக்கிளை அங்கே பலமுறை கண்டிருக்கிறேன். சொன்னால் யார் நம்புவார்கள்? குடியாதவன் சாட்சி எடுபடாது. கூட இருந்து குடித்தவன் சாட்சி எடுபடும்.

அடுத்த நாள் பூசையில் தங்கை பக்கத்தில் நிற்கும் நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"நீர் சொன்னது சரி மச்சான். குடியாலைதான் வந்தது. சனிக்கிழமையிலை தவறணைக்கு என்னையும் ஏத்திக்கொண்டு போகாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"பச்சைப் பொய்! நான் ஒருநாளும் உம்மை ஏத்திக்கொண்டு போகேல்லை!"

"அப்ப தனியத்தான் போறனீங்களோ?" என்றாள் தங்கை.

மச்சான் பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையார் தலையிடவில்லை.

என் பெயர் போனது போனதுதான். உண்மை தெரிந்த மனைவிகூடப் பின்னேரங்களில் என் வாயை மணந்து பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் உணவுக்குழாய் நாளங்களுக்கு றப்பர் வளையம் போட்டுவிட்டார்கள். எச்சில் விழுங்கவும் நோகிறது. ஆனால் இந்தச் சனிக்கிழமை பின்னேரம், தங்கை காவலிருக்க, மச்சான் வேலிக்கு அப்பால் தங்கள் முற்றத்தில் குந்தியிருந்து வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டினார். நான் வேலியோடு கதிரையைப் போட்டு, வைத்தியர் அனுமதித்த ஆறின கஞ்சியை, பொழுதுபடும்வரை மிடறு மிடறாக அனுபவித்துக் குடித்தேன்.