பின்னால் போன கைகள்

எழுவைதீவு இறங்குதுறையில் என் பக்கத்தில் நின்றவர் நெடிய மனிதர். மடித்துக் கட்டிய சாரத்துக்குக் கீழே, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பழைய தழும்புகள். வந்து நின்ற படகு அலையில் ஆட, அதிலிருந்த ஒரு தாய் தன் குழந்தையை அவரிடம் தூக்கி நீட்டினாள்.

"பிடியுங்கோ அண்ணை!"

அவருடைய இரண்டு கைகளும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. நான்தான் பாய்ந்து குழந்தையை வாங்கினேன்.

"ஒரு கை குடுத்தால் என்ன, குறைஞ்சு போவியளோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

அவர் தலை குனிந்தார். "கொழும்பிலை சம்பளத்துக்கு உதைபந்து விளையாடினனான் தம்பி. டிஃபெண்டர். கோலடியிலை எங்கடை கையிலை பந்து பட்டால் மற்றப் பக்கத்துக்குப் பெனால்டி. அதாலை பந்து வரேக்கை கையைப் பின்னாலை கட்டிக் கட்டிப் பழகிப்போச்சு. இப்ப எது திடீரெண்டு வந்தாலும் கை பின்னுக்குத்தான் போகுது. பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை" என்றேன். மன்னிப்புக் கேட்காமலே, இறங்கிவந்த தாயிடம் குழந்தையைக் கொடுத்தேன். படகுக்காரர் கூப்பிட, ஏறிவிட்டேன்.

படகு விலகியதும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் போய்விட்ட துறையில் தனியே நின்று அவர், குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.